கடல் அளவுக்கு உப்பு

வங்காள விரிகுடாவைப் பார்த்து "ஏய், கொஞ்சம் கம்முனு கெட!" என்று அதட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பூந்தமல்லிக்காரர். அதுவரை அவர் பார்த்திருந்த பெரிய தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரி. அதையும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவே அவரைத் 'தம் பாய்' என்றது. கல்யாணங்களுக்குப் பிரியாணி சமைப்பவர். கீழே அவருடைய சமையல் கொட்டகை. மேலே ஓர் அறையில் நானும் சலீமும் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி. அவன் கணக்குப் பிரிவு, நான் தரம் பார்க்கிற பிரிவு. எங்கள் அறையில் அலாரம் கிடையாது. கீழே வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால் எழுந்திருக்க வேண்டியதுதான்.

பாய்க்கு இந்த உலகமே ஓர் அண்டா. அதில் நடப்பதெல்லாம் தம், அதாவது மூடியை அடைத்து மேலும் கீழும் தணல் வைத்துப் புழுங்க விடுவது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையவில்லையா? "தம் ஆகலம்மா, அதுக்குள்ள மூடியத் தொறக்காத." ஆவடி பஸ் வரவில்லையா? "டிப்போல தம்ல கீது." எனக்குச் சம்பள உயர்வு வராமல் போனபோது என் தோளைத் தட்டி, "அடியில சூடு கீதுப்பா. மேல தணல் பத்தல" என்றார். என் மேலாளரைப் பற்றி அதைவிடச் சரியாக நான் யார் வாயாலும் கேட்டதில்லை.

வாதாடுவதில் அவருக்குச் சோர்வே கிடையாது. ஜுரம் என்று ஒரு முறை டாக்டரிடம் போனவர், மாத்திரையை எப்போது போடுவது என்பதைப் பற்றி டாக்டரோடு வாதாடி, வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு வெற்றியோடு வீடு வந்து, இன்னும் இரண்டு வாரம் படுத்துக் கிடந்தார்.

ஆனால் அவருடைய பெரிய விசித்திரம் வேறு. தன் சமையலை அவர் வாயில் வைக்கவே மாட்டார். "பரிட்சை எழுதினவனே பேப்பர் திருத்தலாமா? நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு" என்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பரிட்சை என்றாலே எனக்குக் கொஞ்சம் பயபக்தி உண்டு. திருத்தக் கூடாதுதான் என்று தலையாட்டுவேன்.

அதனால் அரிசி போடுவதற்கு முன் உலைத் தண்ணீர் கொதிக்கும்போது கீழேயிருந்து ஒரு குரல் வரும்.

"சலீமு! பேப்பர் திருத்த வாடா!"

வாயில் பற்பசை நுரையோடு இருந்தாலும் சலீம் கொப்பளித்துவிட்டு ஓடுவான். கரண்டியில் கொஞ்சம் உலைத் தண்ணீரை ஊதி உறிஞ்சி, கண்ணை மூடி, "இன்னும் ஒரு கை போடுங்க பாய்" என்பான். உலைத் தண்ணீர் கடல் தண்ணீர் மாதிரி கரிக்க வேண்டும், அப்போதுதான் சோற்றில் உப்பு சரியாக நிற்கும் என்பது பாயின் சட்டம்.

ஒரு நாள் சலீம் ஊரில் இல்லை. நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"நீயா? பச்ச மொளகாய வெல்லம் மாதிரி கடிச்சிகினு பழைய சோறு துன்றவன் நீ. உன் நாக்கு தார் ரோடு மாமே. அது மேல லாரியே போவலாம்."

கம்பெனியில் மயிரிழை வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துக் கழித்துக்கட்டுபவன் நான். அவமானமாக இருந்தது.

இப்படி இருக்கையில் சலீமுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவன் பழவேற்காட்டுக்காரன். பெண்ணும் அதே ஊர். கல்யாணம் முடிந்து தரும் வலிமா விருந்துக்கு உள்ளூர்ச் சமையல்காரரை வைக்கலாம் என்றார் மாமனார். சலீம் ஒரே பிடியாக, "எங்க பூந்தமல்லி பாய்தான் சமைக்கணும்" என்றுவிட்டான். மாமனார் சிரித்தார். "சரி மாப்ளே. நல்லா இல்லேன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவேன், பரவாயில்லயா?"

வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. மூத்த மருமகன் ஏற்பாடு செய்த விருந்தில் அல்வா கெட்டியாகிவிட்டதாம். அந்த மருமகனுக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் வாரா வாரம் அந்த அல்வாவுக்காக மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சமைக்கப் பழவேற்காட்டுக்கே வரச் சொன்னதற்குப் பாய் மறுத்துவிட்டார். "அந்த ஊருத் தண்ணி உப்புய்யா. அரிசி அழுவும். என் கொட்டாய்த் தண்ணிலதான் என் அரிசி வேவும்." மசாலாவை இங்கேயே முடித்துக்கொண்டு, அண்டாக்களை டெம்போவில் ஏற்றிப் போவதாகத் திட்டம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு நாள் மழை கொட்டியது. வலிமா அன்று விடியற்காலையில் சலீமிடமிருந்து போன்.

"மச்சான், பொன்னேரிக்கு இந்தாண்ட ரோடு மேல தண்ணி. வண்டி வராது. எண்ணூருக்கு வடக்க வந்துருங்க, உதயான்னு நம்ம பையன் படகோட நிப்பான். நீயும் பாய் கூடவே வா. தனியா வுட்டா அவரு வேற எவன் கல்யாணத்துக்காவது போய் சேர்ந்துருவாரு."

எங்கள் குடும்பத்தில் படகில் ஏறப்போகும் முதல் ஆளும் நான்தான்.

உதயா பைபர் படகோடு தயாராக நின்றான். கடல் அப்போது சாதுவாகத்தான் இருந்தது. "சீக்கிரம் ஏத்துங்க. இப்ப வுட்டா பழவேற்காட்டு ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்தத் தாண்டிரலாம். மதியத்துக்கு மேல வாடைக் காத்து ஏறும்" என்றான்.

"இருப்பா, இன்னும் உலையே வெக்கல" என்றார் பாய்.

கடற்கரை மணலில் கல் கூட்டி, டெம்போவிலிருந்து பூந்தமல்லித் தண்ணீர் கேன்களை இறக்கி, உலை ஏற்றினார். உதயா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாயின் கணக்கு வேறு: கரையில் அரிசியை அரைவேக்காடு வேக வைத்துத் தம் போட்டுவிட்டால், படகு போய்ச் சேரும் நேரமும் தம் முடியும் நேரமும் ஒன்று.

தண்ணீர் கொதித்தது. பாய் வழக்கம்போல, "சலீமு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என்னை ஒரு முறை பார்த்தார். பார்வையிலேயே தார் ரோடு தெரிந்தது. ஒரு கை உப்பைப் போட்டார். அடுத்த கை அள்ளியவர், கடலைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், அள்ளியதைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினார்.

"ஏன் பாய்?"

"கடல்ல உப்பு கீது, காத்துல உப்பு கீது. கடல் மேலயே போவப் போறோம். நான் வேற எதுக்குப் போடணும்?"

அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று நானும் நினைத்துவிட்டேன்.

இரண்டு அண்டாக்களையும் மைதா மாவால் மூடி ஒட்டி, படகின் நடுவில் கயிற்றால் கட்டினோம். உதயா எங்கள் இருவருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தான். பாய் தன்னுடையதைப் பெரிய அண்டாவுக்கு மாட்டிவிட்டார்.

"பாய், அது உங்களுக்கு!"

"நான் போனா இன்னொரு சமையல்காரன் வருவான். இது போனா சலீமு இன்னா பண்ணுவான்?"

சொல்லிவிட்டுச் சின்ன அண்டாவைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார்.

"கேக்காதீங்க பாய்" என்றேன்.

புறப்படும்போதே வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. கொஞ்ச நேரத்தில் கடல் எழுந்து உட்கார்ந்தது. அலை மேல் படகு ஏறும்போது வானம் மட்டும் தெரிந்தது. உச்சியிலிருந்து தொப்பென்று விழும்போது என் வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டு அடுத்த அலைக்கு வந்து சேர்ந்தது. உதயா மோட்டாரைப் பிடித்துக்கொண்டு, அலைக்கு அலை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினான். எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்த நேரம் பார்த்து ஓர் அலை நேராக உள்ளே போனது. பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள், படகேறிய முதல் ஆள், கடலைக் குடித்த முதல் ஆளும் நானே.

பாய் உட்காரவே இல்லை. அண்டாவைக் கட்டிய கயிற்றை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையை நீட்டி, கடலோடு வாதாடிக்கொண்டிருந்தார். "ஏய், கம்முனு கெட! கல்யாண ஊட்டு சாப்பாடு போவுது, வழி வுடாம இன்னா ஆட்டம் ஆடிகினு கீற? அறிவில்ல?"

அப்போதுதான் உதயா மூக்கை உறிஞ்சினான்.

"பாய், இன்னா பொகை?"

"ஆவி."

"ஆவி கறுப்பாவா வரும்?"

"மசாலா ஆவி அப்டித்தான்."

உதயா எட்டி, பாய் அண்டா மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கைப் பிடித்து இழுத்தான். மூடி மேல் செக்கச் செவேலென்று தணல்! பக்கத்தில் மண்ணெண்ணெய் கேன்.

"யோவ் பாய்! பைபர் போட்டுல நெருப்பு வெச்சிகினு வர்றியா? மூணு பேரும் கபாப் ஆயிடுவோம்யா!"

"கத்தாத நைனா, தம் கலைஞ்சிடும்."

அந்த வாதத்தில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று தெரியாது. கடல் குறுக்கிட்டது. ஓர் அலை பக்கவாட்டில் வந்து ஏறியது. சொய்ங்! இரண்டு அண்டாவின் தணலும் கரியாகிவிட்டது. பாய் கடலைத் திட்டவில்லை. முதல் முறையாகப் பேசாமல் நின்றார். அதைப் பார்த்துதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

முகத்துவாரம் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே அலைகள் சுவர் சுவராக எழுந்து உடைந்துகொண்டிருந்தன. "ஒரு அலை தப்புனாலும் கவுந்துரும். நான் போவ மாட்டேன்" என்ற உதயா, தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைப் பார்த்துப் படகைத் திருப்பினான். கரையில் இருந்தவர்கள் ஓடி வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். "எறங்கு பாய்!" என்று கத்தினார்கள். "மொதல்ல அது" என்று அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் அவர்.

வலை வைக்கும் கூடத்தில் ஒதுங்கினோம். மழை சாய்வாக அடித்தது. உதயாவின் போனில் சலீம் கிடைத்தான்.

"எங்கடா கீறீங்க? மாமனார் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. நேத்து ராத்திரியே அல்வா கதைய ஒரு தபா சொல்லிட்டாரு!"

பாய் எழுந்தார். அண்டாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "உயிரு கீது. சூடு போறதுக்குள்ள மூடி மேல தணல் போட்டா பொழச்சிக்கும்" என்று சொல்லி, வேடிக்கை பார்க்க நின்ற பெண்களிடம், "அம்மா, அடுப்புலேந்து கொஞ்சம் நெருப்பு குடுங்கம்மா" என்றார்.

அவர்களில் தேசம்மா என்பவருக்குப் பெரிய குரல். "எல்லா ஊட்டுலயும் கேஸு, பாய்! நெருப்பு வோணும்னா சிலிண்டரத் தூக்கி மூடி மேல வெச்சிக்கிறியா?"

கூடமே சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. முகம் வாடிப்போய் நின்றார். தேசம்மா அதைப் பார்த்தார். "அட, மூஞ்சத் தொங்கப் போடாத. குளிக்க வெந்நி வெக்கிறதுக்குக் கொட்டாங்கச்சி சேத்து வெச்சிகினு கீறோம். ஏய், எடுத்துகினு வாங்கடி!"

மழை நாளில் வெந்நீருக்கென்று சேர்த்து வைத்த கொட்டாங்கச்சி அத்தனையும் முறத்திலும் கூடையிலும் வந்து இறங்கியது. கூடத்தின் ஓரத்தில் எரித்துத் தணலாக்கி, மூடி மேல் பரப்பினோம். பாய் குனிந்து அண்டாவில் காதை வைத்தார். "பேசுது" என்றார்.

கடலைக் குடித்த வாயோடு நான் ஒரு மூலையில் துப்பிக்கொண்டிருந்தேன். பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப ஆவலாகக் கேட்டார்.

"எப்டி கீது கடல் தண்ணி?"

"கரிக்குது பாய்."

"எவ்ளோ கரிக்குது? நம்ம உலை அளவுக்கா, அத்தவிட ஜாஸ்தியா?"

"நான் உங்க உலைய எங்க ருசி பார்த்தேன்? அதோ அவ்ளோ கடல் கீது, ஒரு வாய் நீங்களே குடிச்சுப் பாருங்களேன்!" எரிச்சலில் எனக்கும் பூந்தமல்லி பாஷை வந்துவிட்டது.

பாய் தணலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "குடிச்சாலும் எனக்குத் தெரியாதுடா. அன்னிக்கு ஒரு ஜுரம் வந்துச்சே... ஜுரம் போச்சு. போறப்ப நாக்கையும் கூட்டிகினு போயிடுச்சு. உப்பும் தெரியல, ஒறப்பும் தெரியல."

பரிட்சை, பேப்பர், திருத்துவது எல்லாம் எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கித் தூக்கிவாரிப் போட்டது.

"பாய்! அப்ப இன்னிக்கு உப்பு?"

"பாதிதான் போட்டேன். கடல் காத்து பாத்துக்கும்னு..."

"மூடிய மாவு வெச்சு அடைச்சிட்டீங்களே! காத்து எப்படி உள்ள போவும்?"

பாய் அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதத்தான் நானும் இப்ப யோசிச்சிகினு கீறேன்" என்றார்.

இப்போது திறந்து உப்புப் போட்டால் தம் போய்விடும். போடாவிட்டால் ஊரே உப்பில்லாத பிரியாணி சாப்பிடும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரையும், தலை நரைத்த மூத்த மருமகனையும் நினைத்துக்கொண்டேன். சலீமுக்கு இன்னும் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை.

சாயங்காலம் மழை விட்டது, காற்றும் அடங்கியது. "இப்ப போலாம்" என்றான் உதயா. அண்டாக்களைப் படகில் ஏற்றியதும் பாய் திரும்பி நின்று, குப்பத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஊட்டுக்கு ரெண்டு பேரு கெளம்புங்க! எல்லாரும் வலிமாவுக்கு வரணும்!"

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பாய், கல்யாணம் நம்மளோடது இல்ல!"

"அண்டாவுக்கு நெருப்பு குடுத்தவங்கள வெளில வுட்டுட்டுப் போறதா? சலீமு யாரு? என் நாக்குடா அவன். என் நாக்கோட கல்யாணத்துக்கு நான் கூப்புடக் கூடாதா?"

தேசம்மாவுக்கு வேறு கவலை. "கல்யாண ஊட்டுக்கு வெறுங்கைய வீசிகினு எப்டி வர்றது? கடலுக்குப் போயி நாலு நாளாச்சு, மீனு இல்ல. நெத்திலிக் கருவாடுதான் கீது. அத்தப் போயி எப்டி..."

கருவாடு! உப்பு! என் தார் ரோட்டு நாக்கில் எச்சில் ஊறியது.

"அக்கா, அதத்தான் கொண்டு வரணும்! எவ்ளோ கீதோ அவ்ளோ! மொறுமொறுன்னு வறுத்து எடுத்துகினு வாங்க!" என்று கத்தினேன். படித்த பிள்ளை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறதே என்று குப்பமே நெகிழ்ந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தது.

முகத்துவாரத்தை நான்கு படகுகளாகத் தாண்டினோம். முன்னால் மிதவைச் சட்டை போட்ட அண்டா. அதன் பக்கத்தில் தளபதி மாதிரி பாய். பின்னால் பட்டுப்புடவைகளும் கருவாட்டுத் தூக்குகளும். பழவேற்காட்டுக் கரையில் கூடியிருந்தவர்கள், பிரியாணி வருகிறதா படையெடுப்பு வருகிறதா என்று தெரியாமல் பார்த்தார்கள்.

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இவங்கெல்லாம் யாரு?"

"சம்பந்தி வகையறா" என்றார் பாய், நடையை நிறுத்தாமல்.

பந்தி போட்டார்கள். மாவைக் கத்தியால் கீறி மூடியைத் திறந்தபோது எழுந்த வாசனைக்குப் பந்தலே திரும்பிப் பார்த்தது. அரிசி ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் மல்லிகை மொட்டாக விழுந்தது. மாமனார் முதல் வாய் எடுத்து வைத்தார். மென்றார். புருவம் சுருங்கியது. இன்னும் மென்றார். "ம்..." என்று அல்வா கதைக்குத் தொண்டையைச் சரிசெய்தார்.

தேசம்மாவின் தூக்கோடு பாய்ந்து போய் அவர் தட்டில் ஒரு குவியல் நெத்திலியைக் கொட்டினேன்.

"என்னப்பா இது, பிரியாணிக்குக் கருவாடா?"

"சேத்து ஒரு புடி புடிங்க மாமா!"

பிடித்தார். மென்றார். புருவம் மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பியது. மூன்றாவது வாயில் கண்ணை மூடிக்கொண்டார். "இது என்ன பழக்கம், பூந்தமல்லிப் பக்கமா?"

"எங்க முப்பாட்டன் காலத்துலேந்து" என்றார் பாய், கண் இமைக்காமல்.

மாப்பிள்ளைக் கோலத்தில் சலீம் வந்தான். கருவாட்டைத் தொடாமல், பிரியாணியை மட்டும் ஒரு வாய் போட்டு, பழைய மாதிரியே கண்ணை மூடினான். திறந்தபோது பாயை நேராகப் பார்த்தான். "பாய், உலையில ஒரு கை கொறையுது."

"நீ இல்லியேடா" என்றார் பாய்.

சலீம் தட்டை நீட்டி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டான். அண்டாக்களின் அடி தெரியும் வரை அன்று யாரும் எழுந்திருக்கவில்லை. மாமனார் இப்போது அல்வா கதையோடு கருவாட்டுக் கதையையும் சொல்கிறாராம். அதைப் பெருமையாகச் சொல்கிறாராம்.

சலீம் மனைவியோடு ஆவடியில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோய்விட்டான். அவன் போன மறு வெள்ளிக்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கீழே உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "யோவ், படிச்ச புள்ள! பேப்பர் திருத்த வா!"

ஓடினேன். "பாய், என் நாக்கு தார் ரோடாச்சே?"

"அது அப்ப. இப்ப நீ கடலக் குடிச்சவன். கடல் தண்ணி எப்டி கரிக்கும்னு இந்தத் தெருவுல வேற எவனுக்குத் தெரியும்?"

கரண்டியை ஊதி, உறிஞ்சி, சலீம் மாதிரியே கண்ணை மூடினேன். அந்த அலை நினைவுக்கு வந்தது. "கடல் அளவுக்கு வரல பாய். இன்னும் ரெண்டு கை" என்றேன்.

டாக்டரோடு வாதாடியவர், கடலோடு வாதாடியவர், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டார்.